குன்னூரில் ‘நான்’ சொல்லப் பழக்கினார்கள்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பன்னிரண்டாவதோடு சரி. தமிழையா கேள்வி கேட்டால், விடை தெரிந்தாலும், விழுந்த பேனாவைத் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொள்வேன். என்னோடு படித்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

ஆனாலும் மலர்க் குழுவினர் விடவில்லை. நான் வெளிநாட்டில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பதால் “இளம் ஆராய்ச்சியாளர்கள் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி” என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் இங்கே மினிபஸ் ஓட்டுகிறேன். அதைச் சொன்னேன். “பரவாயில்லைங்க, பல்கலைக்கழக பஸ்தானே” என்று பதில் வந்தது.

அந்தத் தலைப்பில் எனக்கு ஒரே ஒரு அனுபவம்தான் உண்டு. போன தடவை லீவில் வந்திருந்தபோது குன்னூரில் நடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. எழுதினால் வாழ்த்துரை மாதிரி இருக்காது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம். என் மனைவி கூடலூரில் நர்ஸாக இருந்தாள். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் நானும் கைக்குழந்தையும் ஒட்டிக்கொண்டு வந்தோம். கொஞ்ச காலம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். பிறகு இந்த பஸ்.

பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஆபீஸில் எல்லாரும் என்னை ‘மிஸ்டர் சின்னையா’ என்கிறார்கள். திருத்தச் சொல்லி மேஜை மேஜையாகப் போனேன். கடைசி மேஜையில் இருந்த பெண், “உங்கள் பெயர்தானே அது?” என்று கேட்டாள். அப்பா சிலோனிலும் தேவாலாவிலும் தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கியவர். இருந்தவரைக்கும் அவரை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. இறந்த பிறகு இங்கே தினமும் கூப்பிடுகிறார்கள். சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது இளம் ஆராய்ச்சியாளர்களை ஒரு ஏரிக்கரை விடுதிக்கு ஏற்றிப்போவேன். டாக்டர் பட்டம் வாங்கிச் சில வருஷம் ஆனவர்கள். யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது. விடுதியில் அவர்களுக்கு இரண்டு நாள் தலைமைப் பயிற்சி. போகும்போது வண்டிக்குள் பிஸ்கட் கைமாறும், ஒருவர் போனில் உள்ள படத்தை நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். திரும்பும்போது ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஏதோ களைப்பு என்று நினைத்திருந்தேன்.

பயிற்சி கொடுப்பவர் பெயர் கிரெக். முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவார். “நீங்களும் ஒரு தலைவர்தான் மிஸ்டர் சின்னையா, இந்த பஸ்ஸுக்கு” என்று தோளில் தட்டுவார். நான் சிரித்து வைப்பேன். பஸ் ஓட்டுகிறவனை டிரைவர் என்றால் போதாதா என்று உள்ளுக்குள் இருக்கும்.

இந்த வியாதி எங்கள் வரைக்கும் வந்துவிட்டது. டிரைவர்களும் வருஷத்துக்கு ஒரு முறை, தாங்கள் தலைமை காட்டிய சந்தர்ப்பம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் யோசித்து யோசித்து, “பனி கொட்டியபோது பஸ்ஸை நிறுத்தினேன்” என்று எழுதினேன். விரிவாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். “பனி கொட்டியபோது பஸ்ஸை ஓரமாக நிறுத்தினேன்” என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு கேட்கவில்லை.

3

‘நாம’, ‘நாங்க’ என்று நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. பேச்சைக் கேட்கிறவரையும் சேர்த்தால் நாம. அவரை வெளியே நிறுத்தினால் நாங்க. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே ‘வி’தான். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சின்ன வயதில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாக்கியம் அக்கா கண்டுபிடித்தது.

வடக்கேயிருந்து ஒரு மேனேஜர் வந்திருந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்கள் ஆட்களுக்கு மேனேஜர் என்றாலே துரைதான். அவருக்குத் தமிழ் பேச ஆசை. இந்த இரண்டு சொல்லில் எது எங்கே வரும் என்பது மட்டும் பிடிபடவே இல்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது, “நாளைக்கு நாம ஜாஸ்தி கொழுந்து எடுக்கணும்” என்பார்.

பாக்கியம் அக்கா வரிசையின் நடுவிலிருந்து கேட்டார்: “சரிங்க தொரை. நாமன்னா ஒங்களுக்கும் ஒரு கூடை எடுத்து வைக்கச் சொல்லவா? கயித்தைத் தலையில மாட்டுவீங்களா, தொப்பி மேல மாட்டுவீங்களா?”

துரைக்குக் கூடை என்பது மட்டும் புரிந்தது. “குட், குட்” என்றார். வரிசை முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு நாலு நாளைக்கு மலையில் எந்த மூலைக்குப் போனாலும், “தொரை வந்தாச்சா? அவரு நிரை காலியா கெடக்கு” என்று குரல் கேட்கும். நிரை என்றால் ஆளுக்குப் பிரித்துவிடுகிற செடி வரிசை.

அதே துரை, யாராவது லீவு கேட்டால் மட்டும், “நாங்க யோசிச்சுச் சொல்றோம்” என்பார். அங்கே பிழையே வராது.

என் மகன் அருண் இங்கேயே வளர்ந்தவன். வீட்டில் கொஞ்சம் தமிழ் பேசுவான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஏதோ பேச்சு வந்தது. அவன் சிநேகிதன் அப்பா அம்மாவிடம் சொல்லாமலே வீடு மாறிவிட்டானாம். எனக்கு அது சரியாகப் படவில்லை என்றேன். “அப்பா, நாங்க இங்க அப்படித்தான்” என்றான். நானும் அவன் அம்மாவும் இல்லாத நாங்க. அரைகுறைத் தமிழ், தெரியாமல் சொல்லிவிட்டான் என்று மனைவி சமாதானம் சொன்னாள். மற்றச் சொல்லையெல்லாம் அவன் தப்பாகச் சொல்லலாம். அந்த ஒன்றைச் சரியாகத்தான் சொன்னான் என்று எனக்குப் பட்டது.

4

என் தங்கை விஜயாவைக் கேத்தியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கேரட் போடுகிறவர். அவர்களுடைய மகள் கௌசல்யா. மண்ணைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, குன்னூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். அவளோடு அதே வேலையில் இருந்தவன் தனபால். தேவர்சோலைப் பையன். வீட்டில் கொஞ்சம் தேயிலை உண்டு.

இவர்களுடைய வேலை என்னவென்றால், சரிவான தேயிலை நிலத்தில் குழி தோண்டிக் குழாய் இறக்கி, மழையில் மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று பார்ப்பது. ஒரு அளவுக்கு மேல் குடித்துவிட்டால் அந்தச் சரிவு இறங்கிவிடும். இறங்குவதற்கு முன்னால் கீழே இருக்கிற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். கூடலூர், தேவாலாப் பக்கம் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையில் மூன்று வருஷம் இரண்டு பேரும் அட்டைக்கடி வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் குழிக்குள் இறங்கினால் இன்னொருவர் மேலே நின்று கருவிக்குக் குடை பிடிப்பார். யார் இறங்குவது என்பதற்குக் காசு சுண்டிப் பார்ப்பார்களாம். எந்த யோசனை யாருடையது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கௌசல்யா பேசும்போதெல்லாம் ‘நாங்க பார்த்தோம்’, ‘நாங்க போட்டோம்’ என்றுதான் வரும். நம் வீடுகளில் ஒரு பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ ‘நான் செய்தேன், நான் செய்தேன்’ என்று பேசினால் என்ன சொல்வோம்? தலைக்கனம் என்போம்.

அந்தத் திட்டம் முடியப்போகிறது. அடுத்த கட்டத்துக்குப் பணம் தருவது நான் பஸ் ஓட்டுகிற பல்கலைக்கழகம். ஆனால் சரிவு வேலைக்கு ஒரு பொறுப்பாளர்தான். மற்ற ஆட்களை அந்தப் பொறுப்பாளரே எடுத்துக்கொள்ளலாம். கௌசல்யாவா தனபாலா என்பதை நிலையத்தின் இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் இளம் ஆராய்ச்சியாளர்கள் ஆறு பேருக்கும் ஐந்து நாள் தலைமைப் பயிற்சி. குன்னூரில் ஒரு பழைய பங்களா, இப்போது ஹோட்டல், அங்கே. மற்ற நாலு பேரும் வேறு வேலைகளில் இருக்கிறவர்கள். போட்டி இவர்கள் இரண்டு பேருக்கும்தான். இவளுக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் வீட்டில் உட்கார வேண்டும். அவனுக்கும் அப்படியே.

பயிற்சி கொடுக்க வந்தவர் கிரெக்.

“ஏனுங்க மாமா, உங்க ஊர் ஆளுதானுங்களே. எப்படிப் பேசினா பிடிக்குமுங்க?” என்று கௌசல்யா கேட்டாள்.

“எனக்கு அவருடைய பெட்டி எவ்வளவு கனம்னுதான் தெரியும்” என்றேன்.

5

நான் தங்கியிருந்தது கேத்தியில் தங்கை வீட்டில். சாயங்காலம் பயிற்சி முடிந்து கௌசல்யாவும் தனபாலும் பஸ்ஸில் அங்கேதான் வருவார்கள். விஜயா டீயும் வர்க்கியும் வைப்பாள். அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லுவார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

முதல் நாள் வேகாத நீளச் சேமியாவைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்களாம். உச்சியில் பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒரு மிட்டாயை நிற்க வைக்க வேண்டும்.

“எங்க கோபுரம் மட்டுந்தான் மாமா நின்னுச்சு” என்றான் தனபால். அவனும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். “நின்னதுக்கு மார்க் இல்லையாம். யாரு கட்டச் சொன்னதுன்னு கேட்டாரு. யாரும் சொல்லலை, கட்டினோம்னு சொன்னோம். தலைமை இல்லாத குழுன்னு எழுதிக்கிட்டாரு.”

“அந்தச் சேமியாவை என்ன பண்ணினாங்க?” என்று விஜயா கேட்டாள்.

“குப்பையில கொட்டினாங்கம்மா” என்றாள் கௌசல்யா.

“தின்கிற பொருளையா? அப்புறம் என்ன தலைவருங்க?” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பங்களாப் புல்வெளியில் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர் பிடிக்க வேண்டும். நம்பிக்கை வளர்வதற்காம். அந்த நேரம் பார்த்து வேலிப் பக்கத்திலிருந்து ஒரு காட்டெருமை உள்ளே வந்துவிட்டது. குன்னூரில் அது பெரிய விஷயம் இல்லை. பேசாமல் ஒதுங்கினால் தன் பாட்டுக்குப் போய்விடும்.

“நான் கண்ணைக் கட்டிக்கிட்டு விழத் தயாரா நிக்கறேனுங்க மாமா” என்றாள் கௌசல்யா. “பின்னாடி பிடிக்க வேண்டியது கிரெக். கண்ணை அவுத்துப் பார்த்தா அவரு மாடியில நிக்கறாரு.”

“கௌசி, முழுசாச் சொல்லு” என்றான் தனபால். “மாடு போனதும் கீழே எறங்கி வந்து, ‘ஆபத்து நேரத்துல யாராவது ஒருத்தர் முதல்ல நகரணும், அதுதான் தலைமை’ன்னு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாரு. நாங்க எழுதிக்கிட்டோம்.”

எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இதே புல்வெளி, இதே கட்டிய கண் அங்கேயும் இருந்திருக்கும். ஓடியதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கிற மனிதரிடம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நாள் கௌசல்யாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “நீ பேசுவதில் ‘வி’ மட்டும்தான் இருக்கிறது. யார் அந்த ‘வி’? நீ ஒன்றும் செய்யவில்லை என்றுதானே நான் எடுத்துக்கொள்ள வேண்டும்?” தனபாலிடமும் அதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி, ‘ஐ’, ‘ஐ’ என்று சொல்லிப் பார்க்கச் சொன்னாராம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற மாதிரி. மூன்று வருஷம் மழையில் நனைந்தவர்களை.

6

நாலாம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் பக்கத்தில் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு ஆளாளுக்கு நம்ம வேலையைப் பத்திப் பேசணும். இயக்குநர் வர்றாரு” என்றான் தனபால். “நாம ரெண்டு பேரும் ‘வி’ன்னே பேசிருவோம். வேலை நாம சேர்ந்து பண்ணினது. பொறுப்பையும் சேர்த்துக் குடுங்கன்னு கேப்போம்.”

“குடுக்கலைன்னா?”

“குடுக்கலைன்னா உங்க அப்பாவோட சேர்ந்து கேரட் கழுவ வர்றேன். நீ பக்கத்துல நின்னு குடை பிடி.”

“போடா” என்று சிரித்தாள். “சரி, நாம அப்படியே பேசலாம்.”

அவன் போன பிறகு அவளுக்கு ஒரு போன் வந்தது. இயக்குநர் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்துகொண்டே பேசினாள். “சரிங்க சார், சரிங்க சார்” என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. என்னவென்று கேட்டேன். “தெளிவாப் பேசச் சொல்றாருங்க மாமா” என்றாள்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். கடைசி நாளுக்கு, தங்கள் தலைமைப் பண்பை நேரில் பார்த்த ஒருவரை ஆளுக்கொருவர் அழைத்துவர வேண்டுமாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அப்பா லாரியோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுவார். “நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினாப் போதுமுங்க.”

எனக்கு இங்கிலீஷில் நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை.

7

பங்களாவில் பெரிய கூடம். கிரெக் என்னைப் பார்த்ததும், “மிஸ்டர் சின்னையா! உலகம் எவ்வளவு சின்னது” என்று கட்டிப்பிடித்தார். இயக்குநர் என்னைக் கிரெக்கின் சக பேராசிரியர் என்று நினைத்து எழுந்து கை கொடுத்தார். டிரைவர் என்று தெரிந்ததும் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் இயக்குநர் பேசினார். ‘நாம் ஒரு குடும்பம்’ என்று ஆரம்பித்து, நாம் உழைக்க வேண்டும், நாம் விடுமுறை நாளிலும் வர வேண்டும் என்று அடுக்கினார். கூடையைத் தொப்பி மேல மாட்டுவீங்களா என்று கேட்கப் பாக்கியம் அக்கா அங்கே இல்லை.

தனபால் யாரையும் அழைத்துவரவில்லை, தானே எழுந்தான். முதல் வாக்கியத்திலேயே ‘வி’. கிரெக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“யார் அந்த வி?”

“கௌசல்யாவும் நானும்.”

“யோசனை யாருடையது?”

“எங்களுடையது.”

“யாராவது ஒருவருக்குத்தானே முதலில் தோன்றியிருக்கும்?”

தனபால் கொஞ்சம் யோசித்தான். “அன்றைக்கு மழை பெய்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். இது வந்தது” என்றான்.

சிலர் சிரித்தார்கள். கிரெக் சிரிக்கவில்லை. பலகையில் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தைப் பெரிதாக எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே பேசச் சொன்னார். தனபால் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு கடைசிவரை ‘வி’ என்றுதான் பேசினான். பொறுப்பைச் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டுவிட்டு உட்கார்ந்தான். இயக்குநர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து கௌசல்யா. அதற்கு முன்னால் அவளுடைய தலைமையைப் பற்றி நான் பேச வேண்டும். எழுந்தேன். அவள் பணிவான பெண் என்று சொல்ல நினைத்தேன். பணிவுக்கு இங்கிலீஷில் என் வாயில் வந்த சொல் ‘ஒபீடியன்ட்’. கீழ்ப்படிகிறவள் என்று அர்த்தம். “ஷி இஸ் வெரி ஒபீடியன்ட் கேர்ள்” என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. கிரெக், “அதைத்தான் ஐந்து நாளாகச் சரிசெய்துகொண்டிருக்கிறோம்” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. நான் உட்கார்ந்தேன். காது எரிந்தது. கௌசல்யா என் பக்கம் பார்க்கவில்லை.

அவள் பேசினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கிரெக்கின் கண்ணைப் பார்த்து ஆரம்பித்தாள்.

நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் குழாய்களை இறக்கினேன். எந்த அளவில் மண் இறங்கும் என்று நான் கண்டுபிடித்தேன். கீழே இருந்த வீடுகளுக்கு நான் சொன்னேன்.

ஒரு ‘வி’ கூட இல்லை. தடங்கல் இல்லாமல் வந்தது. திரையில் ஒரு படம் போட்டாள். குழிக்குள் அவள் குனிந்து நிற்கிறாள், நல்ல மழை. மேலே ஒரு குடை. குடையைப் பிடித்திருக்கிற கை மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் படத்தை வெட்டியிருந்தாள்.

நான் தனபாலைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முடித்ததும் கிரெக் எழுந்து நின்று கை தட்டினார். “ஐந்து நாளில் ஒரு தலைவர் பிறந்திருக்கிறார்” என்றார். இயக்குநர் அங்கேயே அறிவித்துவிட்டார், கௌசல்யாதான் பொறுப்பாளர். எல்லாரும் கை தட்டினார்கள். தனபாலும் தட்டினான். நானும்தான் தட்டினேன்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு பக்கம் சந்தோஷம். என் தங்கை மகளுக்கு வேலை போகவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்தே குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டில் கிடந்த எதையோ எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொன்ன மாதிரி. யார் மேல் குமட்டல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் வாயில் அந்தச் சொல்லைத் திணித்த மனிதர் மேல்தான் அதிகம். முந்தின நாளே போனில் அவள் மனதை மாற்றிவிட்டு, அன்றைக்குப் புதிதாக முடிவெடுத்த மாதிரி நின்ற இயக்குநர் மேலும்தான்.

டீ வேளையில் தனபால் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“மாமா, நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? போட்டோவுல என் கை நல்லா விழுந்திருக்கு.”

என் தட்டிலிருந்த பிஸ்கட்டை அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

8

திரும்பும்போது நிலையத்தின் காரை அனுப்பியிருந்தார்கள். முந்தின நாள்வரை பஸ். காரில் நானும் கௌசல்யாவும்தான். வெலிங்டன் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

“நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுமுங்க மாமா. ரெண்டு பேரும் ‘வி’ன்னே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிருக்கும். வெளியிலிருந்து ஆள் எடுப்போம்னு சார் நேத்தே சொல்லிட்டாருங்க.”

“தனபால்கிட்டச் சொன்னியா?”

“சொன்னா அவன் எனக்காக விட்டுக் குடுத்திருப்பான். இல்லைன்னா நான் குடுத்திருக்கணும்.” ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். “அவனை நான் டீம்ல எடுத்துக்குவேனுங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ‘எடுத்துக்குவேன்’ என்பதை அவள் எவ்வளவு லேசாகச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் வெண்டைக்காய் எடுத்துக்கொள்கிற மாதிரி.

வீட்டில் விஜயா கேசரி கிண்டி வைத்திருந்தாள். மாப்பிள்ளை மண்டியிலிருந்து வந்து, பொறுப்பாளர் என்றால் ஜீப் கொடுப்பார்களா என்று கேட்டார். அருணுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். “இதுல என்னப்பா தப்பு? அவ கரெக்டாத்தான் பண்ணியிருக்கா” என்றான். “அந்தப் பையன் ஏன் தன்னைப் பத்திச் சொல்லலை?” எனக்கு அவனிடம் விளக்கத் தெரியவில்லை. விளக்க வேண்டிய ‘நாங்க’ என்ற சொல் அவனிடம் இருக்கிறது, ஆனால் அவன் அதை வைத்திருப்பது வேறு காரியத்துக்கு.

கௌசல்யா கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே தனபாலுக்கு போன் போட்டாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷமாக அவனை வாடா போடா என்று பேசுகிறவள்.

“தனபால், திங்கக்கிழமை ஆபீஸ் வந்துருங்க. யாருக்கு எந்த வேலைன்னு நாங்க பிரிச்சுச் சொல்லிடறோம். நீங்க அதுக்குத் தகுந்த மாதிரி ரிப்போர்ட் அனுப்பினாப் போதும்.”

அந்த ‘நாங்க’ யார் என்று எனக்குத் தெரியும். அவளும் இயக்குநரும், கேத்தி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாத கிரெக்கும். முந்தின நாள் இதே வீட்டு வாசலில் அவள் வாயில் இருந்தது ‘நாம’. அவளுக்கே அது தெரிந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். தெரிந்த மாதிரி இல்லை. இங்கிலீஷில் ‘ஐ’ சொல்லத்தான் அவளை ஐந்து நாள் பழக்கினார்கள். தமிழில் எதைச் சொல்ல வேண்டும் என்பது தானாக வந்துவிட்டது.

அந்தப் பக்கம் தனபால் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டான்.

“என்னங்கறான்?” என்று விஜயா கேட்டாள்.

“யோசிச்சுச் சொல்றானாம்.”

“அவனுக்குக் கொஞ்சம் கேசரி குடுத்தனுப்பலாமா?”

“வேண்டாம்மா” என்றாள் கௌசல்யா.

மலர்க் குழுவினர் கேட்ட தலைப்புக்கு இதுதான் நான் எழுத முடிந்தது. தலைமைப் பண்பை இப்படித்தான் வளர்க்கிறார்கள். இன்னும் என் பஸ்ஸில் மாதா மாதம் ஏற்றிக்கொண்டுதான் போகிறேன். இப்போது போகிற வழியில் அவர்கள் பிஸ்கட்டைக் கைமாற்றிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்ப்பதில்லை. பார்த்தால் திரும்புகிற வழியும் சேர்ந்து தெரிகிறது.

கேசரி சாப்பிட்ட மறுநாள் கௌசல்யாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கூட்டம் இருந்தது. எனக்கும் விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அவளுக்கு வந்த நிலையத்துக் காரிலேயே போனேன். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். தனபால் காலையிலேயே பெட்டி படுக்கையோடு தேவர்சோலைக்கு பஸ் ஏறியதைப் பார்த்ததாக டிரைவர் சொன்னார்.